பித்தப்பை மந்தமா? ஒருமுறை கோதுமையையும் சந்தேகியுங்கள்!

(திரையில்: பேக்கரி மேசையில் தேநீர், தேங்காய் பன்)

சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கிறது. ஸ்கேனில் பித்தப்பைக் கல். வீட்டில் எல்லோரும் எண்ணெய்ப் பலகாரத்தின் மீது பழிபோடுகிறார்கள். சிலருக்கு அந்தப் பழியில் கோதுமைக்கும் பங்கு இருக்கலாம்!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவதுதான் செலியாக் நோய்.

(திரையில்: பவானிசாகர் அணை)

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கல்லீரல் நாள் முழுவதும் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதைத் தேக்கி வைக்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி. நெய்யோ முட்டையோ சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும், அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. ஐவி, ஓல்ட்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1928-இல் அடையாளம் கண்டது இதைத்தான். இது வந்து சேர்ந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கும். கீழ்பவானி ஆயக்கட்டிலிருந்து கேட்டால்தானே அணையில் ஷட்டர் ஏறும்? செலியாக் முக்கியமாகத் தாக்குவதோ அதே தொடக்கப் பகுதியை! தகவல் சொல்ல வேண்டிய ஆளே படுத்துவிட்டால் தண்ணீர் அப்படியே நிற்கும், சகதி படியும். பவானிசாகரின் உயரம் 120 அடி, சகதிக்கு 15 அடி கழித்து 105 அடி என்று நாளிதழில் படிக்கிறோமே, பித்தப்பையிலும் அதே கதைதான். தேங்கிய பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிகங்கள் சேர்ந்து முதலில் சேறாகும், பிறகு கல்லாகலாம்.

சிகிச்சை பெறாத செலியாக் நோயாளிகளுக்குச் சாப்பிட்ட பின் இந்த ஹார்மோன் குறைவாகவே உயர்வதையும், பித்தப்பை மெதுவாகவே காலியாவதையும், குளூட்டனை விட்டபின் அது சீராவதையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் கல் உண்டாகும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே "சப்பாத்தி தின்றால் கல் வரும்" என்று யாராவது அனுப்பினால் தயவுசெய்து பகிராதீர்கள்.

2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியப் பெரியவர்களில் 1.23 சதவீதத்தினரின் இரத்தத்தில் செலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருட்கள் இருந்தன, தெற்கில் 0.10 சதவீதத்தினரிடம்தான். அரிதாக இருப்பதாலேயே நம் பக்கம் இது எளிதில் நினைவுக்கு வருவதில்லை என்பது என் கருத்து. பித்தப்பையை எடுத்த பிறகும் உப்புசம், பேதி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை தொடர்கிறதா? செலியாக்கிற்கான டிடிஜி இரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

(திரையில்: களி, சந்தகை)

நோய் உறுதியானாலும் கொங்கு நாட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கம்பு, சோளம், ராகி, அரிசி எதிலும் இந்தக் குளூட்டன் கிடையாது. மைதா ஒப்பிட்டு, பரோட்டா போன்ற கோதுமைப் பண்டங்களைத்தான் விட வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: அரிசியும் பருப்பும் சோற்றில் போடுகிறோமே, அந்தக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்! உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கீழே பதிவிடுங்கள்.