சக்கரம் கிடைத்த எலி

(மட்டக்களப்பு, கல்லடியில் தாய்மார் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மாரே, சகோதரிமாரே, பின்னுக்கு நிற்கிற தம்பிமாரே, வணக்கம். இரண்டு மின்விசிறிதான் ஓடுகிறது, அதனால் நீட்டமாட்டேன்.

‘உளநெருக்கீடு’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நம்முடைய வீடுகளில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ‘யோசனை கூடிப்போச்சு’, ‘மண்டை விறைக்குது’ என்போம். அதுதான் இது. குளிரோ, காயமோ, நஞ்சோ, எது தாக்கினாலும் உடம்பு ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் தவிக்கிறது என்று 1936இல் ஹான்ஸ் செலியே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்து எழுதினார். முதலில் பதறும், பிறகு தாங்கும், கடைசியில் ஓய்ந்துபோகும். அப்படியென்றால் சுமை கூடக்கூட நோயும் கூடவேண்டும். ஆனால் ஒரே சுனாமியில் ஓடித் தப்பிய இரண்டு பேர் இன்று ஒரேமாதிரியா இருக்கிறார்கள்?

இங்கேதான் ஜே வைஸ் என்ற அமெரிக்கர் 1970ஆம் ஆண்டளவில் செய்த சோதனை வருகிறது. இரண்டு எலிகள், இரண்டின் வாலிலும் மின்கம்பி. ஒரே நேரத்தில், ஒரே அளவு அதிர்ச்சி. ஒன்றின் முன்னால் மட்டும் ஒரு சின்னச் சக்கரம். அது சக்கரத்தைச் சுற்றினால் இரண்டுக்கும் மின்சாரம் நிற்கும். மற்றதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது. பிறகு வயிற்றைப் பார்த்தால், சக்கரம் இல்லாத எலிக்குத்தான் புண் கூடுதலாக இருந்தது. பட்ட வேதனை ஒன்றுதான், கவனியுங்கள். அதிர்ச்சிக்கு முன்னால் ஒலி எழுப்பி எச்சரித்தாலும் புண் குறைந்தது. ஒலி இல்லாத நேரத்திலாவது எலி நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? பாவம் அந்த எலிகள், அதுவும் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். 2004 மார்கழி 26இல் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். மீன் வெட்டிக்கொண்டே அந்தக் கதையை எனக்குச் சொன்னார், கத்தி நிற்கவில்லை. ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. கத்தி நின்றுவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை, குழுக்கடன் தவணை வாங்க ஆள் வருகிற நாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நாள் தெரியும்தானே, எலிக்குக் கேட்ட ஒலி மாதிரி? தெரியும். ஆனால் சக்கரம் இல்லை. வலையில் மீன் பட்டால்தான் காசு. அதைவிடப் பொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1997இல் 276 பேருடைய மூக்கில் தடிமன் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். குடும்பம், அயல், வேலை, கோயில் என்று பலவகை உறவு உள்ளவர்களுக்குத் தடிமன் குறைவாகவே வந்தது. நம்முடைய அக்காவுக்கும் அயல் இருந்தது. ஆனால் குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அதனால் சுகதுக்கத்துக்கு வந்து நிற்கிற மச்சாளே செவ்வாயில் முறைத்துப் பார்க்கிற ஆளாகிவிடுகிறார். வட்டியைப் பற்றி நான் பேசவரவில்லை, அது வேறு கூட்டத்துக்கு. இறந்த பிள்ளைகளுக்குத் திதி இருக்கிறது, ஆண்டுதோறும் கடற்கரையில் ஊரே கூடி அழுகிறது. கடனுக்கு யார் கூடி அழுவார்கள்? அதை மறைக்கத்தான் தெரியும்.

பெரிய அழிவோடு அன்றாடத் தொல்லைகளையும் சேர்த்துக் கணக்கெடுக்கவேண்டும் என்று இலங்கைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலிருந்து காயத்ரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர் முதலானோர் 2010இல் எழுதினார்கள். அதை எனக்கு விளங்கவைத்தது அந்தக் கத்திதான்.

போன வருசம் அந்தக் குழுவிலுள்ள ஐந்து பேரும் ஒரு பால்மா டின்னில் ஓட்டை போட்டார்கள். மீன் பட்ட கிழமை ஆளுக்கு நூறு ரூபாய், படாதவள் அதிலிருந்து எடுக்கலாம். ‘இதுவரைக்கும் ரெண்டு தரந்தான் திறந்த’ என்றார் அக்கா. கடன் அப்படியேதான் இருக்கிறது. நான் மறுபடி போனதும் ஒரு செவ்வாய்தான். மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. கையிலிருந்த மீனைச் செதில் தட்டி, வெட்டி, கழுவி வைத்துவிட்டுத்தான் எழும்பினார்.