ஆலைக்கும் அலமாரிக்கும் நடுவே

நேயர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் சிறு பீர் ஆலைகளின் சரக்கு நம் ஊர்க் கடைகளுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது, அந்த வழி மாறும்போது அதன் விலையும் இருப்பும் என்னவாகின்றன என்பது குறித்துப் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வெள்ளிக்கிழமை விரதமும் காவடிக்கால நோன்பும் தவறாத குடும்பங்கள் இந்த ஒலிபரப்பைக் கேட்கின்றன என்பதை அறிவேன். யாரையும் குடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. எங்கள் குடும்பம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நெடுங்காலம் பாட்டில் ஸ்டோர், அதாவது மதுக்கடை, நடத்தியது; பின்னர் நான் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துச் சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீரை வேனில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டு சேர்க்கும் தொழிலிலும் இருந்தேன். அதனால் இது வியாபாரத்தைப் பற்றிய பேச்சு. சிறு உற்பத்தியாளர் பிழைப்பாரா மாட்டாரா என்பதைப் பற்றிய பேச்சு.

கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்பார்கள். பெரிய கம்பெனி பீரைவிட நம் மாகாணத்துப் பீர் ஏன் இவ்வளவு விலை என்பது ஒன்று. போன மாதம் இருந்தது, இந்த மாதம் ஏன் காணோம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆலைக்கும் கடை அலமாரிக்கும் நடுவில் உள்ள சாலையில் இருக்கிறது. சிறு ஆலையில் மால்ட் என்னும் முளைகட்டிய தானியமும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும் கூடுதலாகச் செலவாகின்றன, கொள்முதல் சிறிது என்பதால் தள்ளுபடியும் கிடைப்பதில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் விலையில் கிட்டத்தட்டப் பாதி ஆலையின் கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் சேருகிறது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். ஆலைக்காரர் ஒரு பாட்டிலுக்கு 15 ராண்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் அதன்மேல் நூற்றுக்கு 25 வைக்கிறார். அது 18 ராண்ட் 75 சென்ட் ஆகிறது. கடைக்காரர் அதன்மேல் நூற்றுக்கு 30 வைக்கிறார். 24 ராண்டைத் தாண்டுகிறது. அதற்கும் மேல் 15 விழுக்காடு வாட் வரி. நீங்கள் கையில் எடுக்கும்போது 28 ராண்ட். இதில் யாரும் கொள்ளையடிக்கவில்லை. விநியோகஸ்தருக்கு டீசல், ஓட்டுநர் கூலி, கிடங்கு வாடகை. கடைக்காரருக்கு மின்கட்டணம், ஆள் சம்பளம். ஆனால் லாபத்தின்மேல் லாபம் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆலையில் 1 ராண்ட் கூடினால் உங்களிடம் ஏறத்தாழ 1 ராண்ட் 87 சென்ட் கூடுகிறது. கலால் வரியும் அப்படியே. 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 340 மில்லிலிட்டர் பீருக்கு ஏறத்தாழ 2 ராண்ட் 47 சென்ட் கலால். அதை ஆலைக்காரர் முதலிலேயே கட்டிவிடுகிறார். ஆகவே அந்த வரியின்மேலும் இரண்டு பேருடைய லாபமும் வாட்டும் ஏறி, அலமாரியில் அது நாலரை ராண்டுக்கும் மேலாக நிற்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: நடுவில் ஒருவர் கூடினால் அவருடைய பங்கு மட்டும் கூடுவதில்லை, அவருக்குப் பின்னால் வரும் எல்லாருடைய பங்கும் கூடிவிடுகிறது.

நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. வெருலத்திலும் டொங்காட்டிலும் காய்கறி பயிரிட்ட நம் முன்னோர், 1934-இல் திறக்கப்பட்ட வார்விக் அதிகாலைச் சந்தையில் தங்கள் தானியா என்னும் கொத்தமல்லிக் கட்டைத் தாமே வைத்து விற்க உரிமை கேட்டுப் போராடியது எதற்காக? தோட்டத்துக்கும் வாங்குகிறவர் கைக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் விவசாயியின் வாழ்வையே முடிவு செய்தது. சிறு பீர் ஆலையும் இன்று அதே இடத்தில் நிற்கிறது.

ஆனால் தானியாவுக்கு இல்லாத ஒரு சங்கடம் பீருக்கு உண்டு; அது காலி பாட்டில். பெரிய கம்பெனியின் லாரி நிறைந்த கிரேட்டுகளை இறக்கிவிட்டு, காலிக் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. 750 மில்லிலிட்டர் பெரிய பாட்டில் கழுவப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. டெபாசிட் வாடிக்கையாளரிடம் திரும்புகிறது. லாரி போகும்போதும் வரும்போதும் சம்பாதிக்கிறது. டவுன்ஷிப் குடியிருப்புகளில் உள்ள ஷெபீன், டேவர்ன் என்னும் சிறு குடிக்கூடங்களுக்கு மலிவாகப் போய்ச் சேரும் பீர் இதுதான். சிறு ஆலைக்கு அந்த வட்டம் கிடையாது. அதன் பாட்டில் ஒருவழிப் பாட்டில். நாட்டிங்ஹாம் ரோட்டிலிருந்து டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் இறங்கிவரும் வேன் திரும்பும்போது வெறுமையாகத்தான் மலையேறும். அந்த வெறும் பயணத்தின் டீசலும் உங்கள் பாட்டிலின் விலையில் இருக்கிறது.

இன்னொன்று வெயில். பல சிறு ஆலைகள் பீரை வடிகட்டாமலும், பாஸ்டரைஸ் செய்யாமலும், அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காமலும், அனுப்புகின்றன. சுவை அதில்தான் இருக்கிறது. ஆனால் அது குளிரிலேயே இருக்க வேண்டும். பிப்ரவரி மாதத்து டர்பன் வெயிலில், தகரக் கூரைக் கிடங்கின் பின்சுவரோரம், பிராந்திப் பெட்டிகளுக்கு மேலே அடுக்கி வைக்கப்பட்ட பேல் ஏல் வகைப் பீரின் அட்டைப் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் திறந்தால் மூடி சீறும், நுரை பொங்கிக் கை நனையும், மிச்சம் இருப்பது ஈர அட்டையின் வாசனையோடு இருக்கும். அதைக் குடித்தவர் விநியோகஸ்தரின் கிடங்கைக் குறை சொல்லவில்லை. உள்ளூர்ப் பீர் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பெரிய கம்பெனிப் பீருக்குத் திரும்பினார். குளிர்வண்டி வைத்த விநியோகஸ்தர் கூடுதலாகக் கேட்பார், கேட்கட்டும். அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

வழி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் விலையும் இருக்கிறது என்பதற்கு நம் டர்பன் நகரமே பழைய சாட்சி. இந்த வரலாற்றை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை. 1908-இல் நட்டால் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சோளப் பீரைக் காய்ச்சி விற்கும் முழு உரிமையையும் ஒரு நகராட்சி தனக்கே வைத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். 1909-இல் டர்பன் நகராட்சி அதைக் கையில் எடுத்தது. அதுவரை ஆப்பிரிக்கப் பெண்கள் வீட்டில் காய்ச்சி விற்ற உட்சுவாலா என்னும் அந்தச் சோளப் பீர் குற்றமாயிற்று. போலீசார் வீடு புகுந்து பானைகளைக் கவிழ்த்தார்கள். பீர் வேண்டுமானால் நகராட்சியின் பீர் ஹாலுக்குப் போக வேண்டும், நகராட்சி வைத்த விலையைக் கொடுக்க வேண்டும். அந்த லாபத்தைக் கொண்டுதான் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் விடுதிகளையும் அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தையும் நடத்தினார்கள். டர்பன் முறை என்றே இதற்குப் பெயர் ஏற்பட்டு, நாட்டின் மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் தடியோடு பீர் ஹாலுக்குள் புகுந்து போராடினார்கள். அந்த நிலத்தில் நம் குடும்பங்கள் பலவும் அப்போது வாழ்ந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பெண்கள் இழந்தது காய்ச்சும் திறமையை அன்று. திறமை கையிலேயே இருந்தது. விற்கும் வழியைத்தான் பறித்தார்கள்.

அடுத்து, நானே கல்லாவின் பின்னால் நின்று பார்த்த ஒன்று. நாட்டின் பீர் சந்தை 1979 வாக்கிலேயே ஏறத்தாழ முழுவதும் ஒரே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. அதுதான் சௌத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸ். ஹாலந்து நாட்டு ஹைனெகனிடம் உரிமம் பெற்று ஆம்ஸ்டெல் பீரையும் அதுவே பல பத்தாண்டுகள் காய்ச்சி, தன் லாரிகளிலேயே அனுப்பியது. நடுவர் மன்றத் தீர்ப்பை அடுத்து, 2007 மார்ச்சில் அந்த உரிமம் முடிந்தது. பீர் அதே பீர், பெயர் அதே பெயர், குடிப்பவரும் அவரே. மாறியது வழி மட்டும். ஹைனெகனுக்கு அப்போது இந்நாட்டில் சொந்த ஆலை இல்லை. கடல் கடந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் கடையில் ஆம்ஸ்டெல் இருந்த வரிசை வெறிச்சோடியது. வந்தால் கொஞ்சம் வரும், வந்த வேகத்தில் தீரும். கடல் கடந்த பீருக்குக் காலி பாட்டிலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு எங்கிருந்து வரும்? பழைய கம்பெனி அந்த இடத்தை நிரப்ப ஹான்சா மார்ட்சன் கோல்ட் என்ற புதிய பீரைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்கள். செடிபெங்கில் ஹைனெகனின் ஆலை எழுந்த பிறகே, அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே, நிலைமை சீரானது. உலகப் பெருங்கம்பெனிக்கே இந்த நிலை என்றால், இரண்டு தொட்டியும் ஒரு வேனும் வைத்திருக்கும் ஆலையை எண்ணிப் பாருங்கள்.

2016-இல் ஏபி இன்பெவ் என்னும் உலகின் மிகப் பெரிய பீர் கம்பெனி, சௌத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸின் தாய் நிறுவனமான எஸ்ஏபி மில்லரை வாங்கியது. அப்போது நம் நாட்டு வணிகப் போட்டித் தீர்ப்பாயம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று என் மனத்துக்கு மிகவும் பிடித்தமானது. கடைக்கு ஃப்ரிட்ஜைக் கொடுப்பது பெரிய கம்பெனி. ஆகவே அதில் வேறு பீர் வைக்கக் கூடாது என்பது எழுதாத வழக்கமாக இருந்தது. அந்த ஃப்ரிட்ஜில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடத்தைச் சிறு உற்பத்தியாளரின் பீருக்குக் கொடுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆனால் உரிமை இருப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. நான் சரக்குக் கொண்டுபோன கடைகளில் பலருக்கு அப்படியொரு நிபந்தனை இருப்பதே தெரியாது. கண்மட்டத்தில் பெரிய கம்பெனி, கால்மட்டத்தில் நாம். குனிந்து பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்? இந்த ஒலிபரப்பைக் கேட்கும் பாட்டில் ஸ்டோர் உரிமையாளர்களை வேண்டிக் கேட்கிறேன்: அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கண்மட்டத்தில் கொடுங்கள்.

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது, ஆலையும் விநியோகஸ்தரும் கடையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் செய்தன. ஆலையே கடையை விழுங்கிவிடக் கூடாது என்ற எண்ணம் அது. அங்கேயும் விநியோகஸ்தர் பெரிய ஆலையின் பக்கம் சாய்ந்துவிட்டால் சிறியவர் லாரியில் இடம் பெறுவதில்லை. ஏபி இன்பெவ் தன் பீரையே பெரும்பாலும் விற்கும் விநியோகஸ்தருக்குப் பரிசுப்பணம் தரும் ஏற்பாட்டுக்கு அந்நாட்டு நீதித்துறை 2016-இல், இதே இணைப்பின்போது, கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. நமக்கோ சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் ஆலைகளின் சரக்கை எடுத்துச் சென்ற ஒரு விநியோக நிறுவனம் கைமாறியது. புதிய உரிமையாளர் பட்டியலைப் பார்த்து, வாரத்துக்கு இத்தனை பெட்டிக்குக் குறைவாக ஓடும் சரக்கையெல்லாம் நீக்கிவிட்டார். அவர் கணக்கில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மறுவாரமே வடகடற்கரை முழுவதிலும் அந்தப் பீர்கள் இல்லை. கடைக்காரர் கேட்டார், வாடிக்கையாளர் கேட்டார், ஆலையிலும் தொட்டி நிறையச் சரக்கு இருந்தது. கொண்டுவர ஆள் இல்லை. பின்னர் வேறொருவர் எடுத்தார், கூடுதல் விழுக்காட்டுக்கு.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். தீர்வுகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, ஆலையிலேயே விற்பது. ஆண்டுக்கு 10 கோடி லிட்டருக்குக் குறைவாகக் காய்ச்சும் ஆலைக்கு மாகாண உரிமமே போதும் என்று 2003-ஆம் ஆண்டு மதுச் சட்டம் சொல்கிறது. ஆலை வாசலில் விற்கும் ஒவ்வொரு குவளையிலும் நடுவில் ஒருவரும் இல்லை.  இரண்டாவது, நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரே குளிர்வண்டி ஓட்டுவது. திரும்பும்போது காலிக் கெக் பீப்பாய்களையாவது ஏற்றி வரலாம். மூன்றாவது வரி. நம் நாட்டில் பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் கலால் விகிதம் ஒன்றே. அமெரிக்காவில் 2018 முதல் சிறு ஆலையின் முதல் 60,000 பீப்பாய்களுக்கு இன்னும் குறைந்த விகிதம் உண்டு. நான் முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஆலையில் 1 ராண்ட் குறைந்தால் உங்களிடம் 1 ராண்ட் 87 சென்ட் குறையும். இந்தக் கோரிக்கையை நிதியமைச்சுக்கு எழுத விரும்புகிறவர்கள் பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பே எழுதுங்கள். வணக்கம்.