ஆறு பேரும் விழித்திருந்தார்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஹிப்னாடிசத்தால் ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகச் செயல்பட வைக்க முடியும் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தோழர். அவர் பேசியபோது நடுவரே கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் முடிந்ததும் டாண் என்று மணியை அடித்துவிட்டார். முடியாது என்னும் எங்கள் அணிக்கு முதல் சான்று அதுதான்!

தோழர் பெரிதாக நம்பியிருப்பது டென்மார்க்கின் கோபன்ஹேகன் வழக்கை. 1951-இல் பாலே ஹார்ட்ருப் என்பவர் வங்கியில் கொள்ளையடிக்கப் போய் இருவரைச் சுட்டுக் கொன்றார். முன்பு சிறையில் உடனிருந்த நீல்சன் என்பவர்தான் அவரை மனவசியம் செய்து ஏவினார் என்று வழக்கு நடந்தது. நீல்சனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தோழர் இதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன். ஹார்ட்ருப், போர்க்காலத்தில் ஜெர்மானியருக்குத் துணைபோன குற்றத்துக்காகச் சிறைக்குப் போன இளைஞர். நம்பியதெல்லாம் நொறுங்கிக் கிடந்த நேரத்தில் அவருக்கு நண்பராகவும் குருவாகவும் வாய்த்தவர் நீல்சன். உடைந்துபோன ஒருவனை ஆண்டுக்கணக்கில் கைக்குள் வைத்திருப்பவனுக்கு ஹிப்னாடிசம் எதற்கு? போலிச் சாமியார்கள் சொத்தை எழுதி வாங்குகிறார்களே, அங்கே யாராவது கண்ணெதிரே கடிகாரத்தை ஆட்டுகிறார்களா?

இன்னொன்று. அந்த ஹிப்னாடிசக் கதையே பொய் என்று ஹார்ட்ருப் பின்னாளில் பேட்டி கொடுத்தார். குற்றவாளியின் பேட்டியை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்ப வேண்டாம். அவருடைய முந்தைய வாக்குமூலத்தை மட்டும் எப்படி நம்பினீர்கள்?

பாரிஸ் இதை முன்பே பார்த்துவிட்டது. 1889-இல் கூஃபே என்பவரைக் கொன்று டிரங்குப் பெட்டியில் அடைத்து லியோன் பக்கம் போட்டுவிட்டார்கள். மிஷேல் எய்ரோ என்பவன் என்னை ஹிப்னாடிசத்தால் மயக்கி இதைச் செய்ய வைத்தான் என்றார் அவனுடைய கூட்டாளியான கேப்ரியல் பொம்பார் என்ற பெண். நான்சி நகரிலிருந்து லியெஜுவா என்ற சட்டப் பேராசிரியரே வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். ஜூரிகள் மசியவில்லை. எய்ரோவுக்குக் கில்லட்டினில் மரண தண்டனை, பொம்பாருக்கு இருபது ஆண்டுகள் சிறை.

ஹிப்னாடிச மேடை நிகழ்ச்சியில் வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்கிறார்களே என்றும் தோழர் கேட்டார். மேடைக்கு ஏறியவர்கள் யார்? விரல்களைக் கோத்துப் பிடியுங்கள், பிரிக்க முடியாது என்று முதலில் அரங்கம் முழுவதையும் சோதிப்பார் அந்த வித்தைக்காரர். எளிதில் இசைந்துபோகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பார். மற்றவர்கள் நாற்காலியிலேயே இருப்பார்கள். நானும் அந்த மற்றவர்களில் ஒருவன். என் மனைவி சொல்லியே கேட்காதவன்.

ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஹிப்னாடிசம் வெறும் புரளி இல்லை. வலியைத் தணிக்க அதை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதைச் சாக்காக வைத்து நோயாளிகளிடம் தவறாக நடந்துகொண்ட கயவர்களும் உண்டு. அங்கே குலைந்தது நோயாளி வைத்த நம்பிக்கை. குற்றம் முழுவதும் அந்தக் கயவர்களுடையது.

இனி நான் சொல்லவந்த முக்கியமான சேதி. மார்ட்டின் ஆர்ன், ஃபிரெடெரிக் எவன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1965-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆழ்ந்த ஹிப்னாடிச நிலைக்குப் போகக்கூடிய ஆறு பேரிடம், நச்சுப் பாம்பை எடு, அமிலத்துக்குள் கிடக்கும் நாணயத்தை வெறுங்கையால் எடு, அமிலத்தை உதவியாளர் முகத்தில் வீசு என்றார்கள். ஐந்து பேர் மூன்றையும் செய்யத் துணிந்தார்கள். தோழர் இப்போது கைதட்டலாம். பாம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாதபடி கண்ணாடி இருந்தது, வீசிய திரவமும் தீங்கற்றதாக மாற்றப்பட்டிருந்தது என்பதெல்லாம் இருக்கட்டும். இதே ஆய்வில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஹிப்னாடிசம் செய்யவே இல்லை. மயங்கியதுபோல் நடியுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எவர் மயங்கியவர், எவர் நடிப்பவர் என்பது கட்டளையிட்டவருக்கே தெரியாது. அந்த ஆறு பேரில் எத்தனை பேர் அமிலத்தை வீசினார்கள் தெரியுமா? ஆறு பேரும்! ஏன் செய்தீர்கள் என்று பிறகு கேட்டால், இது ஆய்வுதானே, ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியும் என்றார்கள்.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி: விழித்துக்கொண்டிருந்த அந்த ஆறு பேரை வசியம் செய்தது யார்?