கடல் கிழவனைப் பிடிக்கும் வழி

அவையோர்க்கு வணக்கம்.

கிரேக்கக் கடல் தெய்வம் என்றதும் பலர் போசிடானுக்கே மீன்வாலை ஒட்டிவிடுகிறார்கள். பழைய கிரேக்கச் சிலைகளில் போசிடானுக்கு நம்மைப் போல இரண்டு கால், கையில் திரிசூலம். வால் அவர் மகன் டிரைட்டனுக்குத்தான். அவன் ஊதும் சங்கும் நம் கோயில் சங்கு அல்ல, கூம்பாக நீண்ட வேறு இனம்.

நெரியஸ், புரோட்டியஸ் இருவரும் வேறு ரகம். ‘கடல் கிழவர்’ என்று பெயர். எல்லாம் தெரிந்தவர்கள், ஆனால் கேட்டால் சொல்லமாட்டார்கள், பிடித்தால்தான் சொல்வார்கள். பிடிக்கும் முறையை ஹோமரின் ஒடிசி நான்காம் காண்டம் படிப்படியாகச் சொல்கிறது.

ட்ராய் போர் முடிந்து ஊர் திரும்பும் ஸ்பார்டா மன்னன் மெனலாஸ், எகிப்துக்கு எதிரே ஃபாரோஸ் தீவில் காற்றில்லாமல் 20 நாள் சிக்கிக்கிடக்கிறான். ஊர் போய்ச் சேர என்ன செய்வது என்று புரோட்டியஸிடம்தான் கேட்க வேண்டும். அவரைப் பிடிக்க வழி சொல்பவள் அவர் மகளே! மூன்று பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொள் என்கிறாள். அப்போதுதான் உரித்த நான்கு கடல்நாய்த் தோல்களைக் கொண்டுவந்து, மணலில் பள்ளம் பறித்து, நால்வரையும் படுக்கவைத்துப் போர்த்துகிறாள். திட்டம் இங்கேயே கெட்டிருக்கும்: தோலின் நாற்றம் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவர் மூக்கடியிலும் அமுதத்தைத் தடவியதால் பிழைத்தார்கள்.

உச்சிவேளையில் கிழவர் கரையேறி, தம் கடல்நாய்களை எண்ணுகிறார். இவர்களையும் சேர்த்தே எண்ணிவிட்டுப் படுக்கிறார். உடனே பாய வேண்டும். சிங்கம், பாம்பு, சிறுத்தை, பெரிய பன்றி, பிறகு தண்ணீர், மரம் என்று மாறிக்கொண்டே போவார். மாற மாறப் பிடியை இறுக்க வேண்டும். அவராக வாய் திறந்து, படுத்திருந்த பழைய உருவுக்கு வந்தபின்தான் விடலாம். அதற்கு முன்பே விட்டால் பதில் கிடைக்காது. மெனலாஸுக்குக் கிடைத்த பதில்: எகிப்து ஆற்றுக்குத் திரும்பிப் போய்த் தேவர்களுக்குப் பலி கொடு.

டிரைட்டனைப் பிடிக்க இவ்வளவு பாடு வேண்டாம். அவனைப் போல வால் கொண்ட கடல்வாசிகளுக்கும் டிரைட்டன் என்றே பெயர். கிரேக்கத்தின் டனக்ரா ஊரில் தலையில்லாத டிரைட்டன் ஒன்றை கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியஸ் குறிப்பிடுகிறார். கரையில் மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். ஊரார் ஒரு கிண்ணம் மதுவை வைத்தார்கள். வாசனைக்கு வந்து, குடித்து, தூங்கிப்போனது. ஒருவன் கோடாரியால் கழுத்தை வெட்டினான்.

டிரைட்டனின் தோற்றத்தையும் எழுதுகிறார்: சுறாத்தோல் போன்ற சொரசொரப்பு, காதுக்குக் கீழே செவுள், மனித மூக்கு, விலங்கின் பல், காலுக்குப் பதில் டால்ஃபின் வால். டனக்ராவில்தான் தலையே இல்லையே! முகத்தை ரோமில் அவர் கண்ட சிறிய டிரைட்டனிடம் பார்த்திருக்க வேண்டும்.

அதே ஊரில் இன்னொரு கதை: நீராடிய பெண்களை டிரைட்டன் தாக்க, மதுத் தெய்வம் டயோனிசஸ் வந்து சண்டையிட்டு வென்றார் என்று. கேட்கக் கம்பீரம் அது, நம்பத் தகுந்தது மதுக்கிண்ணக் கதை என்பது பவுசானியஸின் தீர்ப்பு.