போகிற பிள்ளைக்கு ஒரு சீட்டு

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டுப் பிள்ளை ஒரு கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தாள். வயது 26. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். "அன்ரி, இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ" என்று கொப்பியை நீட்டினாள். ஒரு பக்கத்தில் வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, தம்பியின் ரியூஷன் காசு. மற்றப் பக்கத்தில் அம்மாவின் தையல் வருமானம். இரண்டுக்கும் இடையில் மாதம் 44,000 ரூபாய் துண்டு விழுந்திருந்தது.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். கென்யாவில் கிசுமு என்ற நகரத்தில், சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பில் 11 மாதம் தொண்டராக வேலை செய்ய இடம் கிடைத்திருக்கிறது. விமானச் சீட்டு, தங்க ஓர் அறை, சாப்பாட்டுக்குக் காசு, அவ்வளவும் அவர்கள் தருவார்கள். சம்பளம் கிடையாது.

அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் கதையைச் சொல்லச் சம்மதித்தாள். ஏனென்றால் இப்படிப் போக நினைக்கிற பிள்ளைகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கக்கூடும். அவர்களுக்கு அருகில் இருக்கிற நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன்.

நம்முடைய வீடுகளில் "வெளிநாடு போறாள்" என்றால் அடுத்த கேள்வி "எவ்வளவு அனுப்புவாள்?" என்பதுதான். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. மத்திய கிழக்குக்குப் போன அம்மாமாரும், கனடாவுக்கும் லண்டனுக்கும் போன அண்ணன்மாரும் அனுப்பிய காசில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, எத்தனையோ பேர் படித்தார்கள். ஆனால் இந்தப் பிள்ளையின் பயணத்தில் காசு மற்றப் பக்கமாக ஓடுகிறது. அவள் போவதற்காக வீடு செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் மாடிப்படியில் சந்திக்கிறவர்கள் எல்லாரும் "சம்பளம் இல்லாமலா? ஏன் பிள்ளை?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவளுடைய அம்மா பதில் சொல்ல முடியாமல் நின்றதை நானே பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அம்மாவின் தலையில் விடக்கூடாது என்று எங்களில் சிலர் அன்றே முடிவெடுத்தோம்.

சரி, காசுக்கு என்ன செய்தோம்? சீட்டுப் பிடிப்பது நமக்குத் தெரிந்த வேலைதானே. தொடர்மாடியிலும் கோயிலடியிலுமாகப் 11 பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய். குலுக்கல் இல்லை, கழிவு இல்லை. ஒவ்வொரு மாதமும் சீட்டு ஒரே வீட்டுக்குத்தான், அந்த அம்மாவின் கைக்கு. நான் தாச்சி, அதாவது சீட்டை நடத்துகிறவள்.

அன்பளிப்பாகத்தான் கொடுக்க நினைத்தோம். அவள் மறுத்துவிட்டாள். "நான் அங்கே பெண்களுக்குக் கடன் கொடுக்கப் போறன் அன்ரி. எனக்கு இதுவரை ஒருத்தரிட்டயும் கடன் வாங்கிப் பழக்கமில்லை. இதைக் கடனாத் தாங்கோ" என்றாள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் அவள் சொன்னது சரி என்று பட்டது.

ஒரு மாலை 11 பேரும் என் வீட்டில் கூடினோம். 11 மாதத்துக்கு மொத்தம் 4,84,000 ரூபாய். வட்டி இல்லை. திரும்பி வந்து 4 மாதம் அவகாசம். அதன் பிறகு மாதம் 22,000 ரூபாய் வீதம் 22 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். நோய், வேலையின்மை என்று வந்தால் தவணை தள்ளிப்போகும், தண்டம் கிடையாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னோம். பாதியில் அவளுக்குக் குரல் கம்மியது. சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த மாமாமார், மாமிமார் முன்னால்தான் இருந்தாள். இருந்தும் கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கை நடுங்கியது. அவளுடைய அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிணையாக இருக்கட்டும்" என்றார். அதைத் திரும்பவும் அவர் கழுத்திலேயே போட்டுவிட எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அந்த அரை மணித்தியாலத்தை மறந்துவிடாதே என்று பிறகு அவளிடம் சொன்னேன்.

அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நுண்கடன், அதாவது ஏழைகளுக்குப் பிணை இல்லாமல் கொடுக்கும் சிறு கடன், என்ற எண்ணம் பிறந்த கதை நல்ல கதை. 1976 ஆம் ஆண்டு வங்காளதேசத்தில், சிட்டகொங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா என்ற கிராமத்தில், பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருடைய கடனைக் கணக்கெடுத்தார். எல்லாம் சேர்த்து 856 டாக்கா, அவர் சொல்லும் கணக்கில் 27 டொலர். அவ்வளவு சின்னத் தொகைக்காக 42 பேர் வியாபாரிகளிடம் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் காசை அவர் தன் பையிலிருந்தே கொடுத்தார். 1983 இல் கிராமின் வங்கி முறையான வங்கியாகியது. 2006 இல் அவருக்கும் வங்கிக்குமாக சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிணை வைக்க ஒன்றும் இல்லாத பெண்களும் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்பதை உலகம் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டது.

நம்முடைய நாட்டில் அதே எண்ணம் வேறு முகத்தோடும் வந்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கிளை திறந்தன. கணவனை இழந்த பெண்கள், மீள்குடியேறிய குடும்பங்கள், வீட்டுக்கு யன்னல் வைக்கவும் ஆடு வாங்கவும் கடன் எடுத்தார்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. தெற்கிலும் இதே கதைதான். 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவையில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி 50 நாளுக்கு மேல் வீதியோரத்தில் இருந்தார்கள்.

இந்தத் துறையில் 24 வருடம் இருந்தவள் நான். முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில், பிறகு ஒரு நிதி நிறுவனத்தில். 2014 இல் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிழமைக் கூட்டம். ஒரு பெண்ணின் கட்டுக்காசு குறைந்தது. 1,150 ரூபாய். அது வரும் வரைக்கும் குழுவில் ஒருவரும் எழும்பக்கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் நடைமுறை. காலை 9 மணிக்குத் தொடங்கிய கூட்டம் பின்னேரம் 2 மணி வரை போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து தாய்மாரைத் தேடி மரத்தடியில் நின்றார்கள். கடைசியில் அந்தப் பெண் காதுத்தோட்டைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்துக் காசு வாங்கிக் கட்டினாள். நான் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் "நன்றி மிஸ்" என்றாள். அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன். ஆனால் அன்றைக்கு நான் எழும்பி வரவில்லை. அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அதனால்தான் இந்தப் பிள்ளை போகும்போது அவளுடைய பயணப் பெட்டியை விட அவளுடைய கொப்பியில் எனக்கு அக்கறை அதிகம். மூன்று பின்னேரங்கள் அவளை இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 50,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 24 வீதம் நிலையான வட்டி, 52 கிழமையில் கட்ட வேண்டும். வட்டி 12,000. மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் 50,000 ரூபாயும் வருடம் முழுக்க இருப்பதில்லை. முதலாம் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறாள். ஆறு மாதத்தில் பாதிதான் மிச்சம். வட்டி மட்டும் முழு 50,000 க்கும் போய்க்கொண்டிருக்கும். குறைந்து வரும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் 40 ஐத் தாண்டிவிடும். இதைக் கடன் எடுக்கிறவளுக்கு விளங்கும் மொழியில் சொன்னார்களா என்பதைத்தான் நீ முதலில் கேட்க வேண்டும் என்றேன். அவள் அதைச் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டாள்.

கிசுமுவைப் பற்றி அவள் வாசித்து எனக்குச் சொன்னதில் எனக்குப் பெரிய சந்தோஷம். விக்டோரியா ஏரிக்கரை நகரம். அங்கே ஓமெனா என்று ஒரு சின்ன மீன், நம்முடைய நெத்தலி மாதிரி. கரையில் வலை விரித்துக் காயப்போட்டுப் பெண்கள் விற்கிறார்கள். வருடத்தில் சில மாதம் அந்த மீனைப் பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் அந்தப் பெண்களுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? கிழமைத் தவணை மட்டும் நிற்காமல் ஓடினால் என்ன நடக்கும்? மன்னாரிலும் நீர்கொழும்பிலும் காற்றுக் காலத்தில் தொழிலுக்குப் போகாத குடும்பங்களைப் பார்த்த நமக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கும். அங்கேயும் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். அந்தக் குழுக்களுக்குச் சாமா என்று பெயர். 2007 இல் அங்கே தொடங்கிய எம்-பெசா என்ற சேவையால் கைத்தொலைபேசியிலேயே காசு அனுப்பி எடுக்கலாம். பெசா என்றால் சுவாஹிலியில் காசு, நம்முடைய பைசாவுக்குச் சொந்தம்தான். "அப்போ நான் அங்கே போய் அவர்களுக்குப் படிப்பிக்கிறதை விட அவர்களிட்டப் படிக்கிறதுதான் கூட இருக்கும் போல அன்ரி" என்றாள். அவள் அதைச் சொன்ன பிறகு எனக்குப் பயம் குறைந்தது.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், போக இருக்கிறவர்களுக்குப் பயன்படும். கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் சென்ற பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே கடைசிக் கிழமை வரை விட்டுவிடாதீர்கள். திரும்பி இலங்கைக்குள் வரும்போதும் அந்த அட்டையைக் கேட்பார்கள். மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று தந்தது. கிசுமுப் பக்கம் அப்படியில்லை. நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் தலைமையகத்தில் பயணிகளுக்கு முற்காப்பு மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், ஆபிரிக்காவுக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அம்மா. மாதத்தில் முதலாவது செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக். விடியற்காலை 5 மணிக்கே போய் இலக்கம் எடுக்க வேண்டும். இவ்வளவு நாளும் மகள்தான் கூடப் போனாள். இனி எங்கள் மேல்மாடித் தம்பி ஓட்டோவில் கொண்டுபோவான், நான் கூட இருப்பேன். அந்த 11 மாதத்துக்கும் யார் யார் எந்த மாதம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். காசை விட இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பிள்ளையின் முகம் தெளிந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு அவள் தொலைபேசி எடுப்பாள். அங்கே அப்போது பின்னேரம் ஐந்தரை. "எப்ப வாறாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அம்மா மட்டும் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தக் கிழமை எந்தப் பெண்ணோடு கதைத்தாய், அவள் என்ன விற்கிறாள், தவணை அவளுக்குப் பாரமா என்று கேட்பேன். பதில் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால், அடுத்த கிழமை யாரோடாவது கதைத்துவிட்டுச் சொல் என்பேன்.

வருகிற வியாழக்கிழமை இரவு அவளுக்கு விமானம். முதல் மாதச் சீட்டுக்காசு முந்தாநாளே சேர்ந்துவிட்டது. அதை எண்ணி ஒரு கடித உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தபோது அவர் பற்றுச்சீட்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் பிள்ளை அதற்குள் கொப்பியைத் திறந்து, திகதி போட்டு, 44,000 என்று எழுதி, அம்மாவிடம் பேனையைக் கொடுத்தாள்.

நன்றி, வணக்கம்.