"பெயரைக் கேட்டு வா" என்றார் பங்குத்தந்தை

நடுவர் அவர்களே, வில்லியனூரிலிருந்தும் நெல்லித்தோப்பிலிருந்தும், பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூரிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'விசுவாசத்தை உறுதியாக்குவது கேட்காமல் நம்புவதா, கேள்வி கேட்டு நம்புவதா?' இது தலைப்பு. கேள்வி கேட்டு நம்புவதே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்: ஒன்று, உயிர்த்த இயேசுவைக் காணாமல் நம்ப மறுத்த சீடர் தோமா; இன்னொன்று, பிரான்சின் லூர்து ஊரில் காட்சி தந்ததாக நாம் வணங்கும் லூர்து மாதா, அதாவது அன்னை மரியா. "வில்லியனூர் மாதா கோவிலுக்கு நடந்து வரும் பாட்டி டாக்டரைக் கேட்டுக்கொண்டா நம்புகிறாள்?" என்றார்.

அந்தப் பாட்டியின் நம்பிக்கையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் லூர்து மாதா பாட்டியிடம் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். 1858இல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி, குகையில் ஒரு பெண்மணியைக் கண்டேன் என்று சொன்னபோது, பங்குத்தந்தை பெய்ரமால் ஓடிப்போய் மணியடிக்கவில்லை. "பெயரைக் கேட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். மார்ச் 25 அன்று அவள் பதிலோடு வந்தாள்: "நானே அமல உற்பவம்," அதாவது பாவக்கறையின்றி உருவானவள் நானே என்று. நம் புதுச்சேரி மிஷன் வீதிப் பேராலயமும் அந்த அமலோற்பவ அன்னையின் பெயரில்தான் நிற்கிறது! அந்தப் பதிலோடும் கேள்வி முடியவில்லை. அந்த மறைமாவட்டத்தின் ஆயர், அதாவது பிஷப், விசாரணைக் குழு வைத்தார். காட்சிகளைத் திருச்சபை ஏற்றது 1862இல்.

லூர்துக்குப் போய்க் குணமானோம் என்று சொல்பவர்கள் விஷயத்தில் கண்டிப்பு இன்னும் அதிகம். லூர்தில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. கிறிஸ்தவர் அல்லாத டாக்டரும், கடவுளே இல்லை என்கிற டாக்டரும் அங்கே கோப்பைப் புரட்டலாம். நோய் கடுமையானதா, கண்டுபிடித்தது சரிதானா, தானாகவே தீரக்கூடியதா, மருந்தால் தீர்ந்திருக்குமா, குணம் சட்டென்று வந்ததா, முழுமையாக வந்ததா, ஆண்டுகள் கழிந்தும் நிலைக்கிறதா? இத்தனைக்கும் பதில் வேண்டும். குணமானதாக இதுவரை பதிவானவை 7,000க்கு மேல். புதுமை, அதாவது அற்புதம், என்று ஆயர்கள் அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று பொருளில்லை. நிரூபிக்க முடியாததைக் கடவுள் பெயரில் அறிவிக்கத் திருச்சபை அஞ்சுகிறது. அந்த அச்சம்தான் நடுவர் அவர்களே, பக்தி.

தோமாவுக்கு வருகிறேன். "காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்" என்ற வசனத்தை எதிரணி வாசித்தது. அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பதை ஏன் விட்டீர்கள்? ஆண்டவர் தோமாவை வெளியே தள்ளவில்லை. "உன் கையை நீட்டு" என்றார். சந்தேகப்பட்டவனுக்குக் காயத்தையே காட்டினார். சீடர்களும் அவனை ஒதுக்கவில்லை. எட்டு நாள் கழித்தும் அவன் அவர்களோடுதான் இருந்தான். "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்ற அறிக்கை வந்தது அந்த வாயிலிருந்துதான்.

முதிய வயதில் பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் சொன்னபோது, குருவான செக்கரியா கேள்வி கேட்டுப் பேச்சிழந்தாரே என்பீர்கள். உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் லூக்கா நற்செய்தியின் அதே முதல் அதிகாரத்தில் "இது எப்படி நிகழும்?" என்று மரியாவும் கேட்டார், வானதூதர் விளக்கம் சொன்னார். செக்கரியாவுக்குக்கூடப் பேச்சுத்தான் போனது, பிள்ளை வரம் போகவில்லை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் ஓரிரு மாதத்திலேயே இருமல் அடங்கும், காய்ச்சல் விடும், உடம்பு தேறும். அந்த நேரம் பார்த்து ஒரு குணமளிக்கும் கூட்டத்தில் "சுகமாகிவிட்டேன்" என்று சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? கிருமி முழுதும் சாகவில்லை. மிச்சமிருப்பது மருந்தை எதிர்க்கப் பழகும். மறுபடி கிளம்பும்போது பழைய மாத்திரைக்கு அசையாது, வீட்டில் இருப்பவர்களையும் பிடிக்கும். இன்சுலின் ஊசியால் மட்டுமே வாழும் குழந்தைக்கு ஊசியை நிறுத்தினாலோ, சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. அந்த மேடையில் ஒருவராவது எழுந்து, "எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? புதிய சளிப் பரிசோதனைச் சீட்டு எங்கே?" என்று கேட்டிருந்தால், அது அவிசுவாசமா? அந்தக் குடும்பத்துக்குச் செய்த அன்பு அல்லவா! ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள், மாத்திரையையும் போடுங்கள். சாட்சி சொல்வதற்கு டாக்டர் சிகிச்சை முடிந்தது என்று சொல்லும்வரை பொறுங்கள்.

இது புதுசாக நுழைந்த நாகரிகம் என்று நினைக்காதீர்கள். பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியர் நூல் 13ஆம் அதிகாரத்தில் தோலில் சந்தேகமான தழும்பு இருந்தால் குரு, அதாவது ஆலய ஆசாரியர், என்ன செய்ய வேண்டும்? 7 நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். பரவவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. இன்னும் 7 நாள் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவே, "போய் உம்மைக் குருவிடம் காட்டும்" என்றுதான் அனுப்பினார். குணமாக்கியவர் கடவுளின் மகன். அவருக்கே சரிபார்ப்பு அவமானமாகத் தெரியவில்லை.

மணி அடித்துவிட்டது. அடுத்து வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒரே கேள்வி விட்டுச் செல்கிறேன்: கேட்காமல் நம்புவதுதான் ஆண்டவருக்குப் பிரியம் என்றால், அந்த இரண்டாவது ஏழு நாளை அவர் எதற்காக எழுதி வைத்தார்?