மூன்றாவது விசில்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். கொடுத்திருப்பது எட்டு நிமிடம். தீர்க்க வேண்டிய வழக்கோ பெரிது.

"அறைக்குள் அமர்ந்து இசை செய்யும் பிள்ளை வீட்டுக்கு வரமா, பாரமா?" என்பது தலைப்பு. வரமே என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். தலைப்பு எங்கும் ஓடிவிடாது. முதலில் எதிரணித் தலைவர் போகிற போக்கில் வீசிய ஒரு சொல்லுக்கு வருகிறேன். "இசைத்தட்டுகளை மாற்றிப் போட்டு ஒலிக்கவிடும் டிஜே என்பவர் யார்? அடுத்தவர் வடித்த சோற்றைச் சூடாக்கிப் பரிமாறுகிறவர்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்ட ஐயா இரண்டு முறை தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, சிங்கப்பூரில் இருந்துகொண்டு சோற்றைச் சூடாக்குவதை இளக்காரமாகப் பேசலாமா? நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றை எந்தச் சோற்றில் செய்கிறார்கள்? சற்று முன் வடித்த சோற்றைச் சட்டியில் போட்டால் களியாகிவிடும். நேற்றைய சோறு வேண்டும். பருக்கை பருக்கையாக நிற்க வேண்டும். அதை வறுக்கத் தெரிந்த கைக்காகத்தான் நாம் வெயிலில் வரிசையில் நிற்கிறோம். எதிரணித் தலைவர் இன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டார். நாங்கள் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம், நடுவர் அவர்களே. கூடுதலாக ஒரு முட்டையும் கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டபின் தே தாரிக், அதுதான் குவளைக்குக் குவளை வீசி ஆற்றும் பால் தேநீர், குடித்தாரே, அதில் தேயிலை அந்தக் கடைக்காரரின் தோட்டத்தில் விளைந்ததா? பால் டின்னில் வந்தது, சீனி மூட்டையில் வந்தது. அவருடையது இரண்டு குவளையும் ஒரு வீச்சும் மட்டுமே. அந்த வீச்சுக்குத்தானே காசு?

இதே இரண்டு குவளை வித்தையைத்தான் 1970களில் நியூயார்க்கில் ஒரு பையன் செய்தான். பெயர் கிளைவ் கேம்பல். உலகம் அவனை டிஜே கூல் ஹெர்க் என்று அழைக்கும். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, பிராங்ஸ் வட்டாரத்தில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து. நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு நடத்துவோமே, கிட்டத்தட்ட அப்படி. ராப் பாட்டும் டிஜே தாளமும் சேர்ந்த ஹிப் ஹாப் கலையின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். தன் விருந்துகளில் அவன் ஒன்றைக் கவனித்தான். பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போவார்கள். அங்கே அதற்காகவே எழுந்து வந்தார்கள்! அவன் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டான். ஒன்றில் மேளம் முடிந்ததும் மற்றதில் அதே மேளம். அதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குச் சுழற்றி வைத்துவிடுவான். சில விநாடி மேளம் பல நிமிடம் நீண்டது. சோறு நேற்றையதுதான். வறுவல் புதிது.

அந்த விருந்தை எதற்காக வைத்தார்கள் தெரியுமா? பள்ளி திறக்கும் நேரம், தங்கை சிண்டிக்குப் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். தங்கைக்குத் துணி வாங்கக் கச்சேரி வைத்தவனைப் பாரம் என்கிறீர்களா?

இப்போது என் அக்கா வீட்டுக்கு வாருங்கள். அங் மோ கியோவில் நான்கறை வீடு. அவர் மகன்தான் நான் சொல்லும் டிஜே. தாய்மாமன் என்ற முறையில் அவன் என்னிடம் சீராகக் கேட்டது இசைத்தட்டுச் சுழலி! சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, வெயிலில் குத்தவைத்து இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளிக்குப் பழைய தமிழ் இசைத்தட்டு பொறுக்கியது நானும் அவனுமாகத்தான்.

அவன் பாட்டு செய்வான். பாடுவதற்கு ஒரு நண்பன் வருவான். ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் காசில்லை. எதிரொலி இல்லாத இடம் வேண்டும். துணிக்கு எதிரொலியை விழுங்கும் குணம் உண்டு. வீட்டில் துணி அதிகம் இருக்கும் இடம் எது? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். ஆம், அக்காவின் புடவை அலமாரி.

இரவு எட்டரை மணி. அடுப்பில் குக்கர். மூன்று விசில் வந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டு வந்துவிட்டது. அதற்குள் மாற்றுப் புடவை எடுக்க அக்கா அலமாரியைத் திறக்கிறார். உள்ளே காஞ்சிபுரத்துக்கும் கோவைப் பருத்திக்கும் நடுவே, தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்காகத் தலையை மழித்த ஒரு பையன் கையில் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறான். அக்கா அலறுகிறார். அவன் எழுந்து நின்று, "வணக்கம் ஆன்ட்டி" என்கிறான். மூன்றாவது விசில்!

இது அக்கா சொன்னது. அந்தப் பையன் சொன்னதையும் கேளுங்கள். காதில் ஹெட்போன், வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. கண்ணை மூடியிருக்கிறான். மூக்கு முழுக்க அந்துருண்டை வாசனை. உருக்கமான வரி ஒன்றைப் பாடிக்கொண்டே கண்ணைத் திறந்தால் எதிரே ஓர் அம்மாள், கையில் கரண்டி. "மாமா, பயிற்சி முகாமில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை" என்றான்.

என் மருமகன் என்ன செய்தான்? மன்னிப்புக் கேட்டானா? பதிவைப் போட்டுக் கேட்டான்! விசில் இருக்கிறது, அலறல் இருக்கிறது. பதினாறு பொத்தான் கொண்ட ஒரு கருவி உண்டு. விசிலை ஒரு பொத்தானில் வைத்தான். அலறலை நான்காக வெட்டி நான்கு பொத்தானில் வைத்தான். நிமிடத்துக்குத் தொண்ணூறு தாள அடி. அக்காவின் "ஐயோ" தாளத்தில் விழுகிறது, நடுவர் அவர்களே! அன்று அந்த வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது: அலமாரியைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

நியூயார்க்கிலும் ஒரு தாய் கதவைத் தட்டினார். கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவன் அறைக்குள் பாட்டு போட்டுக்கொண்டிருக்க, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா அதட்டினாராம். அவன் சுழலும் தட்டைக் கையால் பிடித்தான். தட்டு முன்னும் பின்னும் அசைந்து "விக்கி விக்கி" என்றது. ஸ்கிராட்ச் என்ற ஓசை அப்படித்தான் கிடைத்தது என்கிறார்கள். அம்மா திட்டாமல் கலை ஏது?

இதில் காசு உண்டா என்று இரண்டாம் பேச்சாளர் கேட்டார். குறைவுதான். தனியாகத் தொழில் செய்பவனுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் முதலாளி போடும் பங்கு கிடையாது; பெண் பார்க்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த ஊரில் வளர்ந்து தமிழில் ராப் பாடிய லேடி காஷ், யங் ராஜா பெயர் உங்களுக்குத் தெரியும். பாட்டுக்கு அடியில் தாளம் கட்டும் பையன்கள் எத்தனை பேரைத் தெரியும்? பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் காசு. 2024 முதல் அப்படி. அதுவும் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு முறை. அக்காவுக்கு இந்தக் கணக்கை யாரோ சொல்லிவிட்டார்கள். காய் நறுக்கும்போது பாட்டைப் போடுவார். முப்பது விநாடி ஆனதும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. விதிப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். ஹெர்க் இரண்டு தட்டு வைத்துச் செய்ததை என் அக்கா ஒரு கைப்பேசியில் செய்தார்.

மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும், அதுவும் தாளந்தான். இன்னும் ஒரு நிமிடம்.

என் மருமகனுக்குக் கல்யாணமாகிவிட்டது. பொங்கோலில் வீடு கிடைத்துப் போய்விட்டான். சுழலி, பெட்டி, கம்பி எல்லாம் போய்விட்டன. அந்த அறையில் இப்போது துணி காயப்போடுகிறார்கள். குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. மூன்றும் தெளிவாகக் கேட்கிறது.

போன வாரம் அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போகச் சென்றிருந்தேன். "புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன், உட்கார்" என்றார். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அக்கா அலமாரிக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார்.

"உள்ளே யார் அக்கா இருக்கிறார்கள்?" என்றேன்.

"யாரும் இல்லை என்று எனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லிவிட்டும் அவர் உடனே திறக்கவில்லை.

நன்றி, வணக்கம்.